பழைய தமிழ் வலைப்பக்கங்களைப் பைத்தானால் துலக்கப் பயனுள்ள குறிப்புகள்

ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலர், கோயில் தலவரலாறு, பள்ளி வெள்ளிவிழாக் கட்டுரைகள், யாரோ பொறுமையாகத் தட்டச்சு செய்துவைத்த பாட்டுத் தொகுப்பு. 1990-களின் கடைசியிலும் 2000-களின் தொடக்கத்திலும் வலையேற்றிய இப்படிப்பட்ட பக்கங்கள் பலர் வீட்டுப் பழைய சிடிகளிலும் ஹார்ட் டிஸ்க்குகளிலும் இன்னும் கிடக்கின்றன. இன்று திறந்தால் புரியாத எழுத்துகள்தான் தெரியும். போனில் பார்த்தால் பாதிப் பக்கம் திரைக்கு வெளியே நிற்கும். ஒன்றிரண்டு பக்கம் என்றால் கையாலேயே திருத்திவிடலாம். நூற்றுக்கணக்கில் இருந்தால் பைத்தானையும் பியூட்டிஃபுல் சூப் என்ற இலவச லைப்ரரியையும் துணைக்கு அழையுங்கள். லெனார்ட் ரிச்சர்ட்சன் 2004-இல் வெளியிட்ட இந்த லைப்ரரி, ஒழுங்கில்லாத எச்டிஎம்எல்லைக் கோபித்துக்கொள்ளாமல் படிப்பதற்கென்றே பிறந்தது.

சுத்தம் என்றதும் வேண்டாத டேக்குகளை முதலில் வழித்தெறியத்தான் கை போகும். தமிழ்ப் பக்கங்களில் அதுதான் ஆபத்து. வெறும் குப்பையாகத் தெரிகிற டேக்தான் உள்ளே இருக்கும் எழுத்தை எப்படிப் படிப்பது என்று சொல்லிக்கொண்டிருக்கும். அதனால் கீழ்க்கண்டவற்றை, முக்கியமாக முதல் ஏழையும், முழுக்கப் படித்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

1. மூலக் கோப்புகளைத் தொடாதீர்கள். ஒரு ஃபோல்டரிலிருந்து படித்து இன்னொரு ஃபோல்டரில் எழுதும்படி ஸ்க்ரிப்ட்டை அமையுங்கள். எத்தனை முறை ஓட்டினாலும் மூலம் அப்படியே இருக்கும்.

2. கோப்பை எழுத்தாகத் திறக்காமல் பைட்டுகளாகத் திறந்து, எந்தக் குறியாக்கத்தில் படிப்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். பழைய பக்கங்களின் தலைப்பகுதியில் உள்ள சார்செட் அறிவிப்பை நம்ப வேண்டாம். ஆங்கிலப் பக்கத்துக்கான பெயரே பலவற்றில் இருக்கும். சிலவற்றில் 'எக்ஸ் யூசர் டிஃபைண்டு' என்று இருக்கும். 'எழுத்து என்னவென்று ஃபான்ட்டைக் கேட்டுக்கொள்' என்பதுதான் அதற்கு அர்த்தம், அப்படி ஒரு குறியாக்கம் பைத்தானுக்குத் தெரியாது. எட்டு பிட் தமிழ் ஃபான்ட் போட்ட பக்கம் என்றால் லத்தீன்-1 என்று சொல்லிப் படியுங்கள். அது ஒவ்வொரு பைட்டுக்கும் ஓர் எழுத்தைக் கொடுக்கும், எதையும் விழுங்காது.

3. எதையும் மாற்றும் முன் கணக்கெடுங்கள். எல்லாக் கோப்புகளிலும் என்னென்ன டேக், என்னென்ன ஃபான்ட் பெயர், என்னென்ன கிளாஸ், ஒவ்வொன்றும் எத்தனை முறை என்று பைத்தானின் கவுண்ட்டரை வைத்து எண்ணிவிடலாம். பத்துப் பதினைந்து வரி நிரல் போதும். அந்தப் பட்டியலைப் பார்த்தாலே பாதி வேலை தெரிந்துவிடும். பாமினி என்ற பெயர் நிறைய வந்தால் இலங்கைத் தமிழர் தயாரித்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். 'டிஎஸ்சி' என்று தொடங்கும் பெயர்கள் திஸ்கி என்ற தமிழ்க் குறியாக்கத்தைக் காட்டும். 'எம்எஸ்ஓ' என்று தொடங்கும் கிளாஸ்கள் வந்தால் யாரோ வேர்டிலிருந்து நேராகச் சேமித்திருக்கிறார்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியாக்கங்களைத் தரமாக அறிவித்ததால், அவற்றைச் சேர்ந்த ஃபான்ட்களும் தென்படும். யூனிகோட் அரசின் தரமானது 2010-இல்தான். ஒரே தளத்தில் இவற்றில் இரண்டு மூன்று கலந்திருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

4. எழுத்தை மாற்றி முடிக்கும் வரை ஃபான்ட் டேக்கைக் கழற்றாதீர்கள். இந்தக் குறிப்புகளில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

பாமினியை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் உருவங்களை வைத்திருக்கும் ஃபான்ட். கோப்புக்குள் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து குறிகளாகத்தான் இருக்கும். ஜே என்பது த, கே என்பது ம, பி என்பது இகரக் கொக்கி, ஓ என்பது ழ, அரைப்புள்ளி என்பது மெய்யின் புள்ளி. அதே பக்கத்தில் உண்மையான ஆங்கில முகவரியோ மின்னஞ்சலோ இருந்தால் அதுவும் அதே எழுத்துகளில்தான் இருக்கும். எது தமிழ், எது ஆங்கிலம் என்று காட்டும் ஒரே அடையாளம், சுற்றியிருக்கும் ஃபான்ட் டேக். எச்டிஎம்எல் 4 காலத்திலேயே 'இனி வேண்டாம்' என்று ஒதுக்கப்பட்ட டேக்தானே என்று அதை முதலில் கழற்றிவிட்டால், பிறகு எந்தக் கருவியாலும் இரண்டையும் நூறு சதவீதம் பிரிக்க முடியாது.

ஆகவே ஒவ்வொரு உரைத்துண்டையும் எடுத்து, அதிலிருந்து மேல்நோக்கி ஏறி, ஃபேஸ் என்ற பண்புள்ள முதல் ஃபான்ட் டேக்கைத் தேடுங்கள். அளவையோ நிறத்தையோ மட்டும் சொல்லும் ஃபான்ட் டேக்குகள் வழியில் வரும், அவற்றில் நின்றுவிடக் கூடாது. ஃபான்ட் பெயர் ஸ்டைல் பண்பிலோ, பக்கத்தின் தலையில் உள்ள ஸ்டைல் பகுதியிலோ இருக்கக்கூடும் என்பதால் அங்கேயும் பாருங்கள். கிடைத்த பெயரைப் பொறுத்து அந்தத் துண்டை மட்டும் யூனிகோடாக மாற்றுங்கள். மாற்றும் அட்டவணைகளை நீங்கள் தயாரிக்க வேண்டியதில்லை. 'ஓப்பன் தமிழ்' என்ற பைத்தான் லைப்ரரியில் பாமினி, திஸ்கி, டாப் முதலியவற்றுக்கு மாற்றிகள் இருக்கின்றன.

5. பாமினிப் பக்கத்தை நோட்பேடில் கையால் தட்டியிருந்தால் எச்டிஎம்எல்லைப் பிரித்துப் படிக்கும் பார்சரிடம் கொடுக்கும் முன் ஒரு சோதனை உண்டு. பாமினியில் 'ஈ' என்பது எச்டிஎம்எல் டேக்கைத் தொடங்கும் அதே கூர்க்குறி. காற்புள்ளியோ டேக்கை மூடும் கூர்க்குறி. 'ஈழம்' என்று எழுதினால் பார்சர் கண்ணுக்கு அது ஏதோ தெரியாத டேக்கின் தொடக்கம். அடுத்த காற்புள்ளி வரும் வரையுள்ள வாக்கியம் முழுவதையும் டேக்கின் பண்புகள் என்று எண்ணி விழுங்கிவிடும். இதைவிட வேடிக்கை 'ஈர நிலம்'. ஈர என்பதன் இரண்டாவது எழுத்து பாமினியில் யூ. கூர்க்குறி, யூ, ஓர் இடைவெளி என்று வந்தால் அது அசல் அடிக்கோடு டேக்கேதான். நிலம் காணாமல் போய், அதன் பிறகு வரும் பத்தி முழுக்க அடிக்கோடு விழும்.

பார்சருக்கு முன்பாக, வெறும் எழுத்து நிலையிலேயே, தொடக்கக் கூர்க்குறியை அடுத்து வரும் பெயர் உண்மையான எச்டிஎம்எல் டேக் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தக் குறியை அதன் என்டிட்டி வடிவுக்கு மாற்றிவிடுங்கள். 'ஈர' போன்ற இரட்டை வேடக்காரர்களைத் தனிக் கோப்பில் பட்டியலிட்டுக் கண்ணால் பார்ப்பதுதான் வழி. ஃபிரண்ட்பேஜ், வேர்டு போன்றவை இந்தக் குறிகளைத் தாமே என்டிட்டியாக மாற்றி எழுதிவிடும் என்பதால், அவற்றில் உருவான பக்கங்களில் இந்தத் தொல்லை இல்லை.

6. திஸ்கிப் பக்கங்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். மதுரைத் திட்டம் என்ற மின்னூல் முயற்சி பல ஆண்டுகள் தன் நூல்களை வெளியிட்டது திஸ்கியில்தான், பின்னரே யூனிகோடுக்கு வந்தது. ஆகவே உங்களிடம் இந்த வகைக் கோப்புகள் அகப்பட நிறையவே வாய்ப்புண்டு.

முதலாவது, கிரந்த எழுத்துகள். திஸ்கியில் ஜ, ஷ, ஸ, ஹ ஆகியவை பதினாறடிமான எண்ணில் 80-க்கும் 9எஃப்-க்கும் இடையில் அமர்ந்திருக்கின்றன. லத்தீன்-1-உம் விண்டோஸ்-1252-உம் வேறுபடுவது சரியாக அந்த இடத்தில்தான். ஒன்றாகப் படித்துவிட்டு மற்றதை எதிர்பார்க்கும் மாற்றியிடம் கொடுத்தால் பக்கம் முழுவதும் அழகாக மாறி, 'ராஜா'வும் 'மஹாலும்' மட்டும் ஓட்டையாக நிற்கும். எண் வடிவ என்டிட்டியாக எழுதப்பட்டிருந்தாலோ, பார்சர் அதை விண்டோஸ்-1252 எழுத்தாகவே எடுத்துக்கொள்ளும். எனவே மாற்று அட்டவணையில் இரண்டு வடிவங்களையும் சேர்த்துவிடுங்கள். 'ஜன்னல்' என்ற ஒரு சொல்லை வைத்துச் சோதித்தால் போதும்.

இரண்டாவது, கொம்புகள். திஸ்கி எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கும். 'கொடி' என்றால் முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில் வரும், குறி அதன் பின்னால் வரும். மாற்றிகள் இந்த இட மாற்றத்தைச் சரியாகவே செய்யும், மூன்றும் ஒரே துண்டில் இருந்தால். ஆண்டு மலர்க்காரர்களுக்குப் பத்தியின் முதலெழுத்தைப் பெரிதாக்கிச் சிவப்படிப்பதில் ஒரு மோகம் உண்டு. ஃபான்ட்டைப் பொறுத்தவரை முதலெழுத்து என்பது அந்தக் கொம்பு மட்டுமே. ஆகவே கொம்பு ஒரு ஃபான்ட் டேக்குக்குள்ளும், மிச்சம் வெளியேயுமாக நிற்கும். அப்படியே மாற்றினால் கொம்பு அநாதையாகிவிடும். கொம்பில் முடியும் உரைத்துண்டுகளைத் தேடி, அந்தக் கொம்பை அடுத்த துண்டின் முன்னால் நகர்த்திவிட்டுப் பிறகு மாற்றுங்கள். முதலெழுத்து பெரிதாக வேண்டுமென்றால் பின்னால் சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்ளும்.

7. தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஏ, அதையடுத்து வட்டத்துக்குள் ஆர். இந்த ஜோடி திரும்பத் திரும்ப வந்தால் அது ஃபான்ட் பிரச்சினையே அல்ல. ஏற்கெனவே யூடிஎஃப்-8-ஆக இருந்த நல்ல தமிழை யாரோ விண்டோஸ்-1252 என்று நினைத்துத் திறந்து சேமித்திருக்கிறார்கள். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். பல குறிகளில் முதல் இரண்டு பைட்டுகள்தான் அந்த ஏயும் ஆரும்.

திரும்பப் பெறும் வழி எளிது. விண்டோஸ்-1252-ஆக என்கோட் செய்து யூடிஎஃப்-8-ஆக டீகோட் செய்தால் தமிழ் வந்துவிட வேண்டும். வராது. விண்டோஸ்-1252-இல் 81, 8டி, 8எஃப், 90, 9டி என்ற ஐந்து இடங்கள் காலி. உகரக் குறியின் மூன்றாம் பைட் 81, புள்ளியின் மூன்றாம் பைட் 8டி, ஏ-க்கு 8எஃப், ஐ-க்கு 90. புள்ளியும் உகரமும் இல்லாமல் தமிழில் ஒரு வரி எழுதிவிட முடியுமா? பைத்தான் முதல் வரியிலேயே பிழை காட்டி நின்றுவிடும். ராபின் ஸ்பியர் எழுதிய 'எஃப்டிஎஃப்ஒய்' என்ற லைப்ரரி இந்தக் காலி இடங்களையும் தாராளமாக ஏற்றுக்கொள்ளும், அதைப் பயன்படுத்துங்கள். நடுவில் ஏதாவது எடிட்டர் அந்தக் கண்ணுக்குத் தெரியாத பைட்டுகளை நீக்கியிருந்தால் மட்டும் மீட்பு இல்லை. பழைய பேக்கப்பைத் தேட வேண்டியதுதான்.

8. எல்லாம் யூனிகோடுக்கு வந்தபின் 'என்எஃப்சி' என்ற வடிவத்துக்கு ஒருமுறை ஒழுங்குபடுத்துங்கள். பைத்தானின் 'யூனிகோட் டேட்டா' தொகுதியில் நார்மலைஸ் என்று இருக்கிறது. 'கொ' என்பதில் க-வுக்குப் பின் ஒரே குறியும் இருக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், தேடும் நிரலுக்கு வேறு வேறு. இதில் தீராத ஒன்று ஔவையார். 'ஔ'வுக்குப் பதில் ஒ-வையும் ள-வையும் தட்டியிருந்தால் என்எஃப்சி அதைத் தொடாது, அது தனியாகத் திருத்த வேண்டிய எழுத்துப்பிழை.

9. டேக்குகளை ரெகுலர் எக்ஸ்பிரஷனால் வெட்டாதீர்கள். டேக்குக்குள் டேக் வந்ததும் கணக்குத் தப்பும். ஐந்தாம் குறிப்பில் சொன்ன முன்சோதனைக்கும், உரைத்துண்டுக்குள் இடைவெளிகளைச் சீராக்கவும் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். அங்கேயும் ஒரு பொறி உண்டு. 'சொல்லெழுத்து' என்று பொருள்படும் டபிள்யூ குறியை நம்பினால் பைத்தானின் 'ஆர்இ' தொகுதி உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகவே எண்ணாது. 'தமிழ்' என்பது 'தம', 'ழ' என்று இரண்டாக உடையும். தமிழுக்கான யூனிகோட் எல்லையான 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை என்று நேராகவே எழுதிவிடுங்கள்.

10. எந்தப் பார்சர் என்பதை ஒருமுறை முடிவு செய்து கடைசிவரை அதிலேயே இருங்கள். இணைப்புக்கான ஏ டேக்கைத் திறந்துவிட்டு, பத்திக்கான பி டேக்கை மூடும் ஒரு தப்பான துணுக்கைப் பியூட்டிஃபுல் சூப்பின் கையேடே உதாரணமாகக் காட்டுகிறது. பைத்தானோடு வரும் எச்டிஎம்எல் பார்சர் ஏ டேக்கை மூடிவிட்டு, அந்த பி-யைக் கண்டுகொள்ளாது. எல்எக்ஸ்எம்எல்லும் பி-யைத் தள்ளிவிட்டு, சுற்றிலும் எச்டிஎம்எல், பாடி டேக்குகளைக் கட்டும். எச்டிஎம்எல்5லிப் ஹெட் டேக்கையும் சேர்த்து, ஏ-க்குள் ஒரு காலிப் பத்தியையே உண்டாக்கும். மூன்று விடைக்கும் நியாயம் உண்டு. மூடாத பி டேக்குகள் வரிசையாக இருந்தால் பைத்தானின் சொந்தப் பார்சர் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகும், அதனால் பழுதுபார்க்க அது தோதில்லை. என் தேர்வு எச்டிஎம்எல்5லிப். மெதுவானதுதான், ஆனால் பிரவுசர்கள் பின்பற்றும் அதே விதிமுறைப்படி பிழைகளைச் சரிசெய்யும். சில நூறு பக்கங்களுக்கு அந்த மெதுவை ஒரு காபி குடிக்கும் நேரத்தில் பொறுத்துக்கொள்ளலாம்.

11. வேர்டு போட்ட குப்பையை அள்ள இரண்டு கருவிகள் உண்டு. 'அன்ராப்' டேக்கைக் கழற்றி உள்ளடக்கத்தை விட்டுவைக்கும். 'டிகம்போஸ்' உள்ளடக்கத்தோடு அழிக்கும். ஸ்பான், ஃபான்ட், மார்க்கீ எல்லாவற்றுக்கும் அன்ராப். ஸ்க்ரிப்ட், ஸ்டைல், நிபந்தனைக் கமென்ட்டுகள் ஆகியவற்றுக்கு நீக்கம். மார்க்கீயை டிகம்போஸ் செய்தால் அதில் ஓடிக்கொண்டிருந்த கும்பாபிஷேக அழைப்பும் சேர்ந்து போய்விடும்.

ஸ்பானைக் கழற்றும் முன் அதன் ஸ்டைலைப் படியுங்கள். தடித்த எழுத்தும் சாய்வும் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அவற்றை ஸ்ட்ராங், எம் டேக்குகளாக மாற்றிவிட்டுக் கழற்றுங்கள். எம்எஸ்ஓ லிஸ்ட் என்ற கிளாஸ் உள்ள பத்திகள் உண்மையில் பட்டியல்கள். முன்னால் நிற்கும் நடுப்புள்ளி வேர்டு வரைந்தது, அதை எடுத்துவிட்டு முறையான பட்டியல் டேக்கில் போடுங்கள்.

காலிப் பத்திகள் விஷயத்தில் அவசரம் வேண்டாம். கட்டுரையில் அவை குப்பை. பாட்டிலும் கவிதையிலும் ஒரு கண்ணி முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் அதுதான். அடுத்தடுத்து இரண்டு பிஆர் வந்தால் பத்தியாக்கும் நிரலையும் பாட்டுப் பக்கங்களில் ஓட்டாமல் இருப்பதே நல்லது. பாட்டுகளைத் தனி ஃபோல்டரில் பிரித்து, அதற்குத் தனி ஸ்க்ரிப்ட் வைப்பதுதான் நிம்மதி.

12. அன்ராப் செய்து முடித்ததும் 'ஸ்மூத்' என்ற கட்டளையை ஒருமுறை கொடுங்கள். துண்டு துண்டாக நிற்கும் உரைகள் ஒன்றாகச் சேரும். சேர்க்காவிட்டால் கண்ணுக்கு முழுச் சொல்லாகத் தெரிவது தேடலில் அகப்படாது.

13. உரையை மட்டும் எடுக்கும் 'கெட் டெக்ஸ்ட்' கட்டளையில், துண்டுகளுக்கு நடுவே இடைவெளி போடச் சொல்லும் வழக்கம் ஆங்கிலப் பக்கங்களிலிருந்து வந்தது. தமிழில் அதைச் செய்தால் முதலெழுத்து தடித்த 'கோவில்' 'கோ வில்' ஆகிவிடும். பத்தி, தலைப்பு, அட்டவணைக் கட்டம், பட்டியல் வரி ஆகியவற்றின் முடிவில் மட்டும் வரிமுறிவு கொடுங்கள்.

14. படங்கள் காணாமல் போவதற்குப் பெரும்பாலும் பாதையே காரணம். சி டிரைவில் தொடங்கும் முகவரி, பின்சாய்வுக் கோடு, பெயரின் நடுவே இடைவெளி என்று எல்லாம் இருக்கும். கோப்பின் பெயர் பெரிய எழுத்தில், பக்கத்தில் எழுதியது சின்ன எழுத்தில் என்றால் விண்டோஸ் பொறுத்துக்கொள்ளும், லினக்ஸ் சர்வர் பொறுக்காது. ஃபோல்டரில் உள்ள உண்மையான பெயர்களைப் பட்டியலெடுத்து, எழுத்து வேறுபாடு பாராமல் ஒப்பிட்டு, பொருந்துவதை எழுதுங்கள். ஆல்ட் பண்பை மட்டும் ஸ்க்ரிப்ட்டிடம் விடாதீர்கள். படத்தில் இருப்பவர் யார் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

15. சேமிக்கும்போது 'பிரிட்டிஃபை' வேண்டாம். நிரலைப் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் டேக்குகளைச் சுற்றி அது சேர்க்கும் வரிமுறிவுகள் திரையில் இடைவெளிகளாகத் தெரியும். சாதாரணமாக எழுத்தாக்கி, யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லி எழுதுங்கள். சொல்லாவிட்டால் விண்டோஸ் கணினிகளில் வேறு குறியாக்கத்தில் எழுதப் போய்ப் பிழையில் நிற்கலாம். சார்செட் அறிவிப்பு கோப்பின் முதல் 1024 பைட்டுகளுக்குள் இருக்க வேண்டும். எச்டிஎம்எல் டேக்கில் மொழி தமிழ் என்று குறிப்பிட மறக்காதீர்கள். திரை வாசிப்பான் தமிழ்க் குரலுக்கு மாறுவது அதைப் பார்த்துத்தான்.

16. முடிந்ததா என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்ய முடியாது. இரண்டு சின்னச் சோதனைகள் உண்டு. சொல்லின் தொடக்கத்திலோ இடைவெளிக்குப் பின்னாலோ நிற்கும் உயிர்க்குறிகளைத் தேடுங்கள். தமிழில் அப்படி வரவே வராது, வந்தால் ஆறாம் குறிப்பின் அநாதைக் கொம்புதான். அடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் தமிழ் எல்லைக்கும் சாதாரண ஆங்கில எழுத்துகளுக்கும் வெளியே எஞ்சியிருக்கும் குறிகளை எண்ணி, அதிகம் உள்ள பக்கங்களை மேலே வரும்படி அடுக்குங்கள். மேற்கோள் குறிகளும் கோடுகளும் நியாயமானவை, விட்டுவிடலாம். மற்றவை மாறாமல் தப்பிய எழுத்துகள். அவை எந்த ஃபான்ட்டிலிருந்து வந்தன என்று மூலக் கோப்பில் பார்த்து, அந்தப் பெயரைப் பட்டியலில் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள்.

17. எழுத்தெல்லாம் மாறிய பிறகு, பக்கத்தின் தலையில் இருக்கும் 'இந்தத் தளத்தைப் படிக்க ஃபான்ட்டை இறக்கிக்கொள்ளவும்' என்ற இணைப்பையும் எடுத்துவிடலாம். அந்த ஃபான்ட் கோப்பு உங்களிடம் இருந்தால் மட்டும் அழிக்காமல் மூலத்தோடு சேர்த்து வையுங்கள். அட்டவணையில் இல்லாத ஏதாவது ஓர் எழுத்து என்னவென்று பார்க்க அது எப்போதாவது தேவைப்படும்.